எட்டு மணி மாத்திரை

மெத்தில்ஃபெனிடேட் மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துப் பாருங்கள். இடது மேல் மூலையில் சிவப்பு எழுத்தில் 'எக்ஸ்ஆர்எக்ஸ்' என்று அச்சிட்டிருக்கும். காய்ச்சல் மாத்திரையிலோ சர்க்கரை மாத்திரையிலோ அந்தக் குறியைப் பார்க்க முடியாது. 1945-ம் ஆண்டின் மருந்து விதிகளில் 'ஷெட்யூல் எக்ஸ்' என்றொரு பட்டியல் இருக்கிறது. அதிலுள்ள மருந்தை விற்க, கடைக்காரர் தனி உரிமம் வாங்க வேண்டும். மருத்துவர் சீட்டை இரண்டு பிரதியாக எழுத வேண்டும். ஒரு பிரதியைக் கடையில் இரண்டு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும். சரக்கைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். போதாததற்கு, 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலிலும் இதன் பெயர் இருக்கிறது.

இவ்வளவு காவலுக்கு நடுவில் இருக்கும் மருந்தைத்தான் ஏழு வயதுப் பிள்ளைக்குக் காலையில் இட்லி ஊட்டிய கையோடு கொடுக்கச் சொல்கிறார் மருத்துவர். ஒரு தாய்க்குப் பயம் வராமல் என்ன செய்யும்? "டாக்டர், இது போதை மாத்திரைங்கிறாங்களே, பச்சப்புள்ளைக்குக் குடுக்கலாமா?" "மாத்திரை போட்டா மந்தமாயிருவானா?" "பழகிப்போச்சுன்னா காலம் பூரா விடவே முடியாதாமே?" மதுரையிலும் மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கங்களிலும் கவனக்குறைவும் மிகை இயக்கமும் கொண்ட பிள்ளைகளை வளர்க்கும் வீடுகளில் இந்த மூன்று கேள்விகளும் மாறி மாறி வரும். மூன்றுமே நியாயமானவை. பதில் கிடைக்காதபோது பெற்றோர் தாங்களாகவே ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பத்து நாள் கொடுத்துப் பார்த்து, பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ சொன்னார் என்று நிறுத்திவிடுவார்கள். அல்லது அதற்கு நேர்மாறாக, ஒருமுறை எழுதிய சீட்டை வைத்துக்கொண்டு, எடை பார்க்காமல், ரத்த அழுத்தம் பார்க்காமல் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். என்னைக் கேட்டால் இந்த மருந்தில் உண்மையான ஆபத்து இந்த இரண்டு இடங்களில்தான் இருக்கிறது. முறையாகத் தொடங்கி, முறையாகக் கண்காணித்து, முறையாக மறுபரிசீலனை செய்தால், குழந்தைகள் மனநலத்தில் இவ்வளவு நீண்டகாலம் புழக்கத்தில் இருந்து, இவ்வளவு ஆராயப்பட்ட மருந்துகள் மிகச் சில.

பயத்துக்கு இந்த மண்ணில் வேறொரு வேரும் உண்டு. மனநலம் என்ற பேச்சை எடுத்தாலே ஏர்வாடி நினைவுக்கு வரும் வட்டாரம் இது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அங்கே ஒரு காப்பகக் கொட்டகையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தப்பிக்க வழியில்லாமல் இறந்துபோனார்கள். அந்த நிகழ்வுக்குப் பிறகு மனநல சேவைகள் பெருமளவு மாறின. மதுரையிலேயே அதற்கு முன்பிருந்தே, 1992 முதல், எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளை மனநல மறுவாழ்வுப் பணியைச் செய்துவருகிறது. பெரியாஸ்பத்திரி என்று ஊரார் அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ஆனாலும் 'பிள்ளையை மனநல டாக்டரிடம் காட்டுகிறோம்' என்று சொந்தக்காரர்கள் முன்னால் சொல்ல இன்றும் நாக்கு எழுவதில்லை. கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள், கோயிலுக்கு நேர்ந்துகொள்வார்கள். அதிலெல்லாம் கெடுதல் இல்லை. அதிலேயே மூன்று, நான்கு வருடம் ஓடிவிடுகிறது என்பதுதான் வருத்தம். அதற்குள் பிள்ளை நான்காம் வகுப்புக்கு வந்து, வாசிக்கத் தெரியாமல், 'உருப்படாதவன்' என்ற பட்டத்தையும் வாங்கியிருப்பான்.

சேட்டைக்கு மாத்திரை கிடையாது

துறுதுறுவென்று இருக்கும் பிள்ளைகள் எல்லோருக்கும் கவனக்குறைவு, மிகை இயக்கக் குறைபாடு இருப்பதில்லை. உலகளவில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் நூற்றுக்கு ஐந்து குழந்தைகள் என்ற அளவில் கணக்குச் சொல்கிறார்கள். 2013-ல் வெளியான கோவை ஆய்வு ஒன்று, 770 தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளில் 11.32 சதவீதம் பேரிடம் இந்த அறிகுறிகள் இருப்பதாகச் சொன்னது. இந்த எண்ணை எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். கேள்விப் படிவத்தில் மதிப்பெண் கூடியதாலேயே நோய் உறுதியாகிவிடாது. மருத்துவர் உட்கார்ந்து விசாரிக்க வேண்டும்.

என்ன விசாரிப்பார்? அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிய வேண்டும். படிப்பையோ பழக்கவழக்கத்தையோ நிஜமாகவே கெடுத்திருக்க வேண்டும். கணக்கு டீச்சர் வகுப்பில் மட்டும் ஆடுகிறான், மற்ற இடங்களில் ஒழுங்காக இருக்கிறான் என்றால் சிக்கலைக் கணக்கு வகுப்பில் தேட வேண்டும். வகுப்பில் கவனம் சிதற வேறு எத்தனையோ காரணங்கள் உண்டு. காது சரியாகக் கேட்காது. கரும்பலகை மங்கலாகத் தெரியும். மூக்கடைப்பாலும் டான்சிலாலும் இரவில் குறட்டைவிட்டு அரைத்தூக்கம் தூங்கும் பிள்ளை, பகலில் ஒரு நிலையில் இருக்காது. ரத்தசோகை, தைராய்டு, சில நொடிகள் வெறித்துப் பார்க்கவைக்கும் வகை வலிப்பு, வாசிப்புக் குறைபாடு, வீட்டில் அடிதடி ஆகியவற்றையும் விலக்கிவிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.

வயதும் ஏமாற்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் ஒன்பது லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளின் பதிவுகளை ஆராய்ந்து 2012-ல் ஒரு கட்டுரை வந்தது. அங்கே டிசம்பர் 31 பள்ளிச் சேர்க்கைக்கான வயது எல்லை. டிசம்பரில் பிறந்து வகுப்பிலேயே சின்னவர்களாக இருந்த பையன்களுக்கு, ஜனவரியில் பிறந்த பெரியவர்களைவிட, இந்தக் குறைபாடு இருப்பதாக முடிவுசெய்யப்படும் வாய்ப்பு 30 சதவீதம் கூடுதல்; மருந்து எழுதப்படும் வாய்ப்பு 41 சதவீதம் கூடுதல். பத்து, பதினோரு மாதம் இளைய பிள்ளை அந்த அளவுக்குக் கூடுதலாக ஆடத்தானே செய்யும்? விஜயதசமிக்கு அழைத்துக்கொண்டுபோய், 'ஒரு வருஷம் மிச்சம்' என்று மூன்று வயது நிறையுமுன்பே சேர்த்துவிடும் நம் ஊர்ப் பெற்றோர் இதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இன்னொரு பக்கம், பெண் பிள்ளைகள் தப்பிப்போகிறார்கள். ஜன்னலைப் பார்த்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருப்பவள் யாருக்கும் தொந்தரவு கொடுப்பதில்லை. மிகை இயக்கம் இல்லாத கவனக்குறைவு அது. 'கனவு காண்கிறாள்' என்று விட்டுவிடுகிறார்கள்.

மூளை ஸ்கேன் எடுத்தோ ரத்தம் சோதித்தோ இந்தக் குறைபாட்டை உறுதிசெய்ய முடியாது. ஸ்கேனுக்கு ஆயிரக்கணக்கில் செலவழித்துவிட்டு, "எல்லாம் நார்மல்" என்ற அறிக்கையோடு வந்து நிற்கும் குடும்பங்களுக்காக இதைச் சொல்கிறேன். வலிப்பு போன்ற சந்தேகம் இருந்தால் மருத்துவரே எழுதுவார். மற்றபடி அந்தப் பணம் வேறு பயிற்சிகளுக்கு உதவும்.

கணக்கு மாத்திரை

அடங்காத பிள்ளைக்கு அமைதிப்படுத்தும் மருந்துதானே கொடுக்க வேண்டும், மெத்தில்ஃபெனிடேட் போன்ற ஊக்கி வகை மருந்தை ஏன் கொடுக்கிறார்கள்? ஊக்கி வகை மருந்து இதற்கு உதவும் என்று கண்டுபிடித்தது தற்செயல். 1937-ல் அமெரிக்காவின் ரோட் தீவில், குழந்தைகள் மருத்துவமனை ஒன்றில் சார்லஸ் பிராட்லி என்ற மருத்துவர் பணியாற்றினார். அன்றைக்கு இருந்த மூளைப் பரிசோதனை முறையால் குழந்தைகளுக்குக் கடுமையான தலைவலி வந்தது. அதைப் போக்குவதற்காக பென்செட்ரின் என்ற ஆம்ஃபெட்டமின் மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். தலைவலி பெரிதாகக் குறையவில்லை. ஆனால், ஆசிரியர்கள் வந்து வேறொன்றைச் சொன்னார்கள்: பிள்ளைகள் உட்கார்ந்து பாடம் படிக்கிறார்கள். பிள்ளைகளே அதற்குக் 'கணக்கு மாத்திரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

மெத்தில்ஃபெனிடேட் அதற்குப் பின்னால் வந்தது. 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா நிறுவனத்தில் லியாண்ட்ரோ பனிட்சோன் இதை உருவாக்கினார். மனைவி ரீட்டாவின் பெயரால் 'ரிட்டாலின்' ஆயிற்று. முன்மூளையில் டோபமின், நார்அட்ரினலின் என்ற இரண்டு வேதிப்பொருள்கள் சுரந்த வேகத்தில் திரும்ப உறிஞ்சப்படாமல் இது தடுக்கிறது. ஒரு வேலையில் நிலைப்பது, அவசரத்தை அடக்குவது, முறை வரும்வரை காத்திருப்பது ஆகியவற்றைக் கவனிக்கும் பகுதிக்கு அதனால் வலு கூடுகிறது. அறிவை இது கூட்டாது. தெரியாத வாய்ப்பாட்டை ஒப்பிக்கவைக்காது. படிப்பதற்குப் பிள்ளையை உட்காரவைக்கும், அவ்வளவுதான். நீட் பயிற்சி வகுப்புகளில் சேர்ந்த நல்ல பிள்ளைக்கு 'கவனம் கூட' என்று இதைத் தேடும் பெற்றோர் யாரேனும் இருந்தால் அவர்கள் இந்த வரியை இரண்டு முறை படிக்கட்டும்.

பலன் உண்டா? அமெரிக்காவில் 579 குழந்தைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வின் முடிவு 1999-ல் வந்தது. கவனமாக அளவு பார்த்து, மாதாமாதம் கண்காணித்து மருந்து கொடுக்கப்பட்டவர்களின் அறிகுறிகள் 14 மாதத்தில் நன்றாகக் குறைந்தன. அதே காலத்தில் வெளியில் வழக்கமான சிகிச்சைக்கு விடப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோரும் மருந்து சாப்பிட்டார்கள். அவர்களுக்கு அந்த அளவு பலன் இல்லை. எனக்கு அந்த ஆய்வில் முக்கியமாகப்படுவது இதுதான். மாத்திரை கிட்டத்தட்ட ஒன்றுதான், கண்காணிப்பில்தான் வித்தியாசம். மூன்றாவது வருடம் பார்த்தபோது குழுக்களுக்கு இடையிலான வேறுபாடு கரைந்துவிட்டிருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2018-ல் 133 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்கள், குழந்தைகளுக்கு முதல் தேர்வாக மெத்தில்ஃபெனிடேட்டையே பரிந்துரைத்தார்கள். அதேசமயம், உலக சுகாதார நிறுவனத்தின் இன்றியமையா மருந்துப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும் என்ற விண்ணப்பம் 2019-லும் 2021-லும் ஏற்கப்படவில்லை. நீண்டகாலப் பலனுக்கும் தீங்குக்கும் போதிய வலுவான சான்று இல்லை என்பது காரணம். ஆகவே, மருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். விஷம் என்றாலும் நம்பாதீர்கள்.

முதல் மாத்திரைக்கு முன்னால்

ஆறு வயதுக்குக் கீழே இந்த மருந்தைத் தொடங்குவதில்லை. அந்த வயதுக்குப் பெற்றோர் பயிற்சிதான் முதல் சிகிச்சை. ஆறு வயதுக்கு மேல் தொடங்குவதென்றாலும் மருத்துவர் அன்று உயரம், எடை, நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் நான்கையும் குறித்துக்கொள்ள வேண்டும். குறிக்கவில்லை என்றால் நீங்கள் கேட்கலாம். கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களாகச் சொல்ல வேண்டியவை சில. ஓடும்போது பிள்ளை மயங்கி விழுந்திருக்கிறதா, நெஞ்சு படபடப்பு என்று சொல்லியிருக்கிறதா, பிறவி இதயக் கோளாறு உண்டா? அப்பாவோ அம்மாவோ கூடப்பிறந்தவர்களோ 40 வயதுக்குள் திடீரென்று இறந்திருக்கிறார்களா? 'தூக்கத்திலேயே போயிட்டாக' என்று வீட்டில் சாதாரணமாகச் சொல்லும் அந்த ஒரு வரி, மருத்துவருக்கு மிகப் பெரிய தகவல். அப்படி ஏதும் இருந்தால் இசிஜி எடுத்து, இதய மருத்துவரிடம் காட்டிய பிறகே தொடங்குவார்கள். ஏதும் இல்லாத பிள்ளைக்கு அது தேவைப்படுவதில்லை. 12 லட்சம் குழந்தைகள், இளைஞர்களின் பதிவுகளை அலசி 2011-ல் வந்த அமெரிக்க ஆய்வு, இந்த வகை மருந்துகளால் கடுமையான இதயப் பாதிப்புகள் கூடியதாகக் காணவில்லை. வலிப்பு, கண்களைச் சிமிட்டுவது போலத் தன்னையறியாமல் வரும் அசைவுகள், குடும்பத்தில் மனச்சிதைவு ஆகியவற்றையும் சொல்லிவிட வேண்டும்.

குறைந்த அளவில், பெரும்பாலும் 5 மில்லிகிராமில் தொடங்குவார்கள். பிறகு வாரத்துக்கு ஒரு படி என்று ஏற்றிப் பார்ப்பார்கள். நாளொன்றுக்கு 60 மில்லிகிராம்தான் வழக்கமான உச்சவரம்பு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அவ்வளவு தேவைப்படுவதே இல்லை. இந்த முதல் சில வாரங்கள்தான் பொன்னான காலம். வகுப்பாசிரியரிடம் ஒரு சிறு நோட்டைக் கொடுத்து, தினமும் இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள்: உட்கார்ந்தானா, எழுதி முடித்தானா, மதியம் எப்படி இருந்தான். ஏனென்றால், மாத்திரை வேலை செய்யும் நேரம் முழுக்கப் பிள்ளை பள்ளியில் இருக்கிறான். வீட்டுக்கு வரும்போது மருந்து இறங்கியிருக்கும். 'எங்களுக்கு ஒரு வித்தியாசமும் தெரியல' என்று பெற்றோர் நிறுத்திவிடுவதற்கு இதுவே காரணமாகிவிடுகிறது.

காலை எட்டு, இரவு எட்டு

சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் வேலை செய்யும். மெதுவாகக் கரையும் வகை எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ தாங்கும். மெதுவாகக் கரையும் மாத்திரையைப் பிள்ளை விழுங்க மாட்டேன் என்கிறான் என்று அம்மியில் நசுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்துவிடக் கூடாது. நாள் முழுக்கச் சிறிது சிறிதாக இறங்க வேண்டியது ஒரே நேரத்தில் இறங்கிவிடும். விழுங்க முடியாவிட்டால் மருத்துவரிடம் சொல்லி வகையை மாற்றிக்கொள்ளுங்கள்.

பசி குறைவதுதான் அன்றாடத்தில் பெரிய தொல்லை. மதிய டப்பாவைத் திறந்தால் புளிச்சாதம் கட்டிக்கொடுத்தபடியே இருக்கும். அம்மாவுக்கு வயிறு பற்றி எரியும். 'மாத்திரைதான் புள்ளையைக் காயப்போடுது' என்று அன்றைக்கே நிறுத்தத் தோன்றும். நிறுத்துவதற்கு முன் சாப்பாட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள். மாத்திரைக்கு முன்பே காலைச் சாப்பாடு முடிய வேண்டும். அதுவும் அரை இட்லி இல்லை, நெய் விட்ட பொங்கலோ, முட்டையோடு நான்கு தோசையோ, வயிறு நிறைய. மதியம் அவன் சாப்பிடுவதைச் சாப்பிடட்டும். திட்டி ஊட்டுவதால் பயன் இல்லை, டப்பாவை இன்னும் வெறுப்பான். நான்கரை, ஐந்து மணிக்கு மருந்து இறங்கும்போது பசி திரும்ப வரும். அந்த நேரத்துக்குக் கடலை மிட்டாயும் சுண்டலும் வாழைப்பழமும் பாலும் தயாராக இருக்க வேண்டும். மதுரையில் பிறந்த பிள்ளைக்கு வாரத்தில் ஒருநாள் ஒரு டம்ளர் ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தால் அதிலுள்ள பாலும் பாதாம் பிசினும் ஐஸ்கிரீமும் கணக்கில் சேரும். இரவுச் சாப்பாடு தாமதமாக, நிதானமாக. தூங்கப்போகுமுன் பசித்தால் இன்னொரு முறை.

அதே நான்கரை மணிக்கு இன்னொன்றும் நடக்கும். சில பிள்ளைகள் அந்த நேரத்தில் அழுவார்கள், எரிந்து விழுவார்கள், வழக்கத்தைவிட அதிகமாக ஆடுவார்கள். மருந்து இறங்கும்போது வரும் எதிர்வினை இது, ஒரு மணி நேரத்தில் அடங்கும். அந்த நேரத்தில் டியூஷனுக்கு அனுப்பாதீர்கள். சாப்பிட்டுவிட்டு விளையாடட்டும். தினமும் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அளவையோ வகையையோ மாற்ற மருத்துவருக்கு வழி உண்டு.

காலையில் கொடுக்க மறந்துவிட்டால் விட்டுவிடுங்கள். சாயங்காலம் நினைவுவந்து கொடுத்தால் அன்று ராத்திரி சிவராத்திரிதான். மறுநாள் இரண்டாகவும் கொடுக்கக் கூடாது. சளி, மூக்கடைப்புக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் ரத்த அழுத்தத்தை ஏற்றும் மருந்து கலந்திருக்கும்; இந்த மருந்தோடு சேர்ந்தால் இதயம் படபடக்கும். எனவே சளி மருந்து வாங்கும்போதும் இந்த அட்டையைக் காட்டுங்கள். பெரிய பிள்ளைகளுக்கு டீ, காபியைக் குறைக்கச் சொல்லுங்கள். எனர்ஜி டிரிங்க் டப்பாக்கள் பக்கமே போகக் கூடாது.

நெஞ்சுவலி, மயக்கம், இல்லாததைப் பார்ப்பதாகவோ கேட்பதாகவோ சொல்வது, யார் மேலோ திடீர்ச் சந்தேகம், செத்துவிடலாம் என்ற பேச்சு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று வந்தாலும் அடுத்த மாத்திரையைக் கொடுக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆண்குறி வலியோடு விறைத்து நெடுநேரம் அடங்காமல் இருப்பதும் மிக அரிதாக நேரும். பையன்கள் கூச்சத்தில் சொல்ல மாட்டார்கள் என்பதால், வளர்ந்த பையனிடம் அப்பாதான் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும்.

மந்தம், பழக்கம், வளர்த்தி

மந்தமாகிவிடுவானா? பிள்ளை பொம்மை மாதிரி சுரத்தில்லாமல் உட்கார்ந்திருந்தால், அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். அது பலன் கிடையாது. மருத்துவரிடம் சொல்லிக் குறைக்க வேண்டிய பக்கவிளைவு. சரியான அளவில் பிள்ளை அவனாகவே இருப்பான், சிரிப்பான், சண்டையும் போடுவான்.

பழகிப்போகுமா? எழுதிய அளவில், வாய்வழியாக, மெதுவாக உடலில் ஏறும்போது போதைப் பழக்கமாக மாறும் ஆபத்து குறைவு. சிறுவயதில் இந்தச் சிகிச்சை பெற்றவர்கள் பிற்காலத்தில் போதைப்பழக்கத்துக்கு ஆளாவது கூடவில்லை என்பதே பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் தெரிந்தது. அளவை மீறி எடுப்பதும், தேவையில்லாதவர் எடுப்பதும் வேறு கதை. 2023-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த வகை மருந்துகள் எல்லாவற்றின் எச்சரிக்கைக் குறிப்பையும் திருத்தி, பகிர்வதும் தவறாகப் பயன்படுத்துவதும் அடிமைத்தனத்திலும் மரணத்திலும் முடியலாம் என்று அழுத்திச் சொன்னது.

வளர்த்தி பற்றிய பயத்தில் உண்மை இருக்கிறது. மேலே சொன்ன, 579 குழந்தைகளை வைத்து நடந்த அமெரிக்க ஆய்விலேயே, மூன்று வருடம் தொடர்ந்து மருந்து எடுத்த பிள்ளைகள் எடுக்காதவர்களைவிடச் சுமார் 2 சென்டிமீட்டர் குறைவாக வளர்ந்திருந்தார்கள். அதனால்தான் பிரிட்டனின் 2018 வழிகாட்டுதல், பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடையும், ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரமும் பார்க்கச் சொல்கிறது. நாடியும் ரத்த அழுத்தமும் ஒவ்வொரு முறை அளவை மாற்றும்போதும், அதன்பின் ஆறு மாதத்துக்கு ஒருமுறையும். ஒரு எடைமேடையும், சுவரில் ஒட்டிய அளவுநாடாவும், குழந்தைக்கேற்ற ரத்த அழுத்தப் பட்டையும் இருந்தால் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இதைப் பார்த்துவிடலாம். இதற்காக உசிலம்பட்டியிலிருந்து ஒரு நாள் கூலியை இழந்து மதுரைக்கு வர வேண்டிய அவசியம் இல்லை. உள்ளூரில் அளந்து நோட்டில் எழுதிவந்தால் மதுரை மருத்துவர் அதைப் பார்த்து முடிவெடுக்கலாம். இந்த ஏற்பாட்டை மாவட்ட நிர்வாகம் நினைத்தால் செலவே இல்லாமல் செய்துவிடலாம். 2013-ல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின் கீழ் அரசுப் பள்ளிகளுக்கு வரும் மருத்துவக் குழு கவனிக்க வேண்டிய நிலைகளின் பட்டியலில் இந்தக் குறைபாடும் ஏற்கெனவே இருக்கிறது. பல்லையும் கண்ணையும் பார்ப்பதோடு அது நின்றுவிடக் கூடாது என்று பெற்றோர் கேட்க வேண்டும்.

கடை, விடுதி, விமானம்

ஷெட்யூல் எக்ஸ் உரிமம் எடுத்த கடைகள் குறைவு. தெருமுனை மெடிக்கலில் கேட்டு "இல்லை" என்றவுடன் மருந்தே தடைசெய்யப்பட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்பவர்கள் உண்டு. எந்தக் கடையில் கிடைக்கும் என்று மருத்துவரிடமே கேட்டுக்கொண்டு, கடைசி மாத்திரை வரை காத்திருக்காமல் ஒரு வாரம் முன்பே போய்விடுங்கள். 2020 மார்ச் 25-ல் வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல்படி, ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளைத் தொலைபேசியிலோ வீடியோவிலோ பார்த்து எழுத மருத்துவருக்கு அனுமதி இல்லை. தொலைவிலிருக்கும் குடும்பங்களுக்கு இது சிரமம்தான். ஆனால், கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில் என்ன நடக்கும் என்பதற்கு அமெரிக்காவில் எடுத்துக்காட்டு இருக்கிறது: இணையம் வழியாகவே இந்த வகை மாத்திரைகளைக் கோடிக்கணக்கில் தேவையில்லாமல் விநியோகித்ததாகக் குற்றம்சாட்டி, 'டன்' என்ற நிறுவனத்தின் நிறுவனரை 2024 ஜூனில் கைதுசெய்தார்கள். இந்த ஒரு விஷயத்தில் நம் விதி கடுமையாக இருப்பதே நல்லது என்பது என் எண்ணம். சீட்டு இல்லாமல் ஆன்லைனில் வரவழைத்துத் தருகிறேன் என்பவர்களிடம் வாங்காதீர்கள்; என்ன வருகிறது என்று யாருக்கும் தெரியாது.

வீட்டில் மாத்திரையைப் பெரியவர் ஒருவர் பூட்டிவைத்து, எண்ணிக் கொடுக்க வேண்டும். விடுதியில் படிக்கும் பிள்ளை என்றால் காப்பாளரிடமோ பள்ளிச் செவிலியரிடமோ ஒப்படையுங்கள்; பையில் போட்டு அனுப்பாதீர்கள். பரீட்சை நேரத்தில் நண்பன் கேட்டால் ஒரு மாத்திரை கொடுப்பது நட்பாகத் தோன்றும். சட்டத்தின் கண்ணில் அது கட்டுப்படுத்தப்பட்ட பொருளை இன்னொருவருக்குக் கொடுத்த குற்றம். அந்த நண்பனுக்கு இதயக் கோளாறு இருக்கிறதா என்பதும் யாருக்கும் தெரியாது. இதைப் பன்னிரண்டு, பதின்மூன்று வயதிலேயே பிள்ளையிடம் நேராகப் பேசிவிடுவது நல்லது.

அப்பா துபாயிலோ அபுதாபியிலோ இருக்கும் குடும்பங்கள் நம் வட்டாரத்தில் ஏராளம். கோடை விடுமுறைக்குப் பிள்ளையை அழைத்துப்போகும்போது மாத்திரையும் கூடப்போகும். ஐக்கிய அரபு அமீரகத்தில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளுக்கு அந்த நாட்டு அரசின் முன் அனுமதி வேண்டும். சிங்கப்பூரிலும் இப்படி விதி உண்டு. டிக்கெட் போடும்போதே அனுமதிக்கும் விண்ணப்பித்துவிட்டு, சீட்டு, மருத்துவர் கடிதம், மூல அட்டை மூன்றையும் கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாத்திரை மட்டும் போதாது

ஊக்கி வகை ஒத்துவராத பிள்ளைகளுக்கு அட்டமாக்செட்டின் என்ற மருந்து உண்டு. இது ஷெட்யூல் எக்ஸில் வராது, கிடைப்பது எளிது. முழுப் பலன் தெரிய ஆறு வாரம்கூட ஆகலாம் என்பதால், பத்து நாளில் 'வேலை செய்யவில்லை' என்று நிறுத்தக் கூடாது. தொடக்கத்தில் தற்கொலை எண்ணம் வருகிறதா என்று கவனிக்கச் சொல்லி 2005 முதலே எச்சரிக்கை இருக்கிறது. குளோனிடினும் சிலருக்கு எழுதப்படுகிறது. அதைத் திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் எகிறும். படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

எந்த மருந்தாக இருந்தாலும் வீட்டிலும் வகுப்பிலும் ஏதும் மாறாவிட்டால் பாதிப் பலன்தான். ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலையைச் சொல்லுங்கள். செய்தவுடன் பாராட்டுங்கள், நாளைக்கு என்று தள்ளாதீர்கள். முதல் பெஞ்சில், ஜன்னலை விட்டுத் தள்ளி இடம் கேளுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை கரும்பலகையை அழிக்கவோ நோட்டை எடுத்துவரவோ அனுப்பும் ஆசிரியர், தெரிந்தோ தெரியாமலோ நல்ல சிகிச்சை செய்கிறார். 'மாத்திரை போட்டால்தான் வகுப்பில் சேர்ப்போம்' என்று சொல்லும் உரிமை எந்தப் பள்ளிக்கும் இல்லை. மருந்து வேண்டுமா என்பது மருத்துவரும் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து எடுக்கும் முடிவு. யாரிடம் தொடங்குவது என்றே தெரியாதவர்கள் டெலிமானஸ் என்ற மனநலத் தொலைபேசிச் சேவையின் 14416 எண்ணை எந்நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை, 'இன்னும் தேவைப்படுகிறதா?' என்று மருத்துவரோடு உட்கார்ந்து கேட்க வேண்டும். சிலருக்கு வளர வளர அறிகுறி குறையும், சிலருக்குப் பெரியவரான பிறகும் தொடரும். இரண்டு வாரம் மருந்தை நிறுத்திப் பார்க்கலாம் என்று மருத்துவர் சொன்னால் அதைக் கோடை விடுமுறையில் செய்யாதீர்கள். வீட்டிலேயே இருக்கும் பிள்ளையிடம் ஒப்பிட எதுவும் கிடைக்காது. அரையாண்டு, முழுஆண்டுத் தேர்வு மாதங்களும் வேண்டாம். ஜூனில் பள்ளி திறந்து, புது ஆசிரியருக்குப் பிள்ளை பழகி, காலாண்டுத் தேர்வு வருவதற்குமுன் இருக்கும் ஆகஸ்ட் மாதம்தான் தோது. நிறுத்திய விஷயத்தை வகுப்பாசிரியரிடம் சொல்லாமல், வழக்கம்போல அந்த நோட்டில் இரண்டு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். மூன்றாவது வாரம் அந்த நோட்டை எடுத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.